நாணய வணிகச் சொற்களை ஒரே ஒரு வணிகத்தைக் கொண்டு கற்பது எப்படி?

நாணய வணிகம், அதாவது ஒரு நாட்டு நாணயத்தை விற்று மற்றொரு நாட்டு நாணயத்தை வாங்கும் ஃபாரெக்ஸ் வணிகம், கற்க வருபவர்களில் பலர் ஒரு நீண்ட சொற்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அதை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். பிப், லாட், ஸ்ப்ரெட், லிவரேஜ், மார்ஜின் என்று வரிசையாகப் பொருள் சொல்லத் தெரிந்த பிறகும், திரையில் ஓடும் ஒரு விலையைக் காட்டி, “இப்போது வாங்கினால் கணக்கில் எவ்வளவு குறையும்?” என்று கேட்டால் அவர்களிடமிருந்து விடை வருவதில்லை. இந்தச் சொற்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. லாட் தெரியாமல் பிப்பின் மதிப்பைக் கணக்கிட முடியாது. பிப்பின் மதிப்பு தெரியாமல் மார்ஜின் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. ஆகவே, ஒரு வணிகம் தொடங்கி முடியும் வரை எந்தெந்தச் சொல் எந்த வரிசையில் வருகிறதோ, அந்த வரிசையிலேயே கற்பதுதான் நல்ல வழி. ஒவ்வொரு சொல்லையும் பணத்தொகையாக மாற்றி எழுதிப் பாருங்கள். அப்படி எழுத முடிகிற சொல்லை மட்டுமே கற்றுக்கொண்டதாகக் கொள்ளுங்கள்.

இதற்குத் தேவையானவை ஒரு நோட்டுப் புத்தகமும், உண்மைப் பணமின்றிப் பழகிப் பார்க்கப் பெரும்பாலான வணிகத் தளங்கள் இலவசமாகத் தரும் டெமோ கணக்கும்தான். கீழே வரும் எண்கள் யாவும் எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்டவை. டெமோ கணக்கில் அன்றைய விலையை வைத்து அதே கணக்குகளை நீங்களே மறுபடி செய்துபாருங்கள்.

இணையும் அதன் இரண்டு பக்கங்களும்

நாணயம் எப்போதும் இணையாகவே விலை சொல்லப்படுகிறது. யூரோ/டாலர் 1.0850 என்றால், ஒரு யூரோவை வாங்க 1.0850 அமெரிக்க டாலர் வேண்டும் என்று பொருள். முதலில் நிற்கும் யூரோ அடிப்படை நாணயம்; அடுத்து நிற்கும் டாலர் விலை சொல்லப்படும் நாணயம், அதாவது கோட் நாணயம். லாபமும் நட்டமும் முதலில் இந்தக் கோட் நாணயத்தில்தான் கணக்கிடப்படும். எண் ஏறினால் அடிப்படை நாணயம் வலுப்பெறுகிறது, இறங்கினால் அது வலுவிழக்கிறது. இந்த ஒரு விதியை உறுதியாகப் பிடித்துக்கொண்டால், டாலர்/யென் 148-லிருந்து 150-க்கு ஏறும்போது வலுவிழப்பது யென் என்பதில் குழப்பம் வராது. செய்தித் தலைப்பில் “யென் வீழ்ச்சி” என்று படித்துவிட்டு, வரைபடம் மேலே போவதைக் கண்டு திகைக்கும் புதியவர்கள் ஏராளம்.

இணையை வாங்குவதை லாங் என்றும், விற்பதை ஷார்ட் என்றும் சொல்வார்கள். யூரோ/டாலரில் ஷார்ட் போவது என்பது யூரோவை விற்று டாலரை வாங்குவது. கையில் முன்பே யூரோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திறந்திருக்கும் வணிகத்தைப் பொசிஷன் என்பார்கள்.

டாலரை ஒரு பக்கத்தில் கொண்டு, யூரோ, பவுண்ட், யென், சுவிஸ் பிராங்க், கனடிய டாலர், ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர் ஆகியவற்றோடு அமையும் ஏழு இணைகளை மேஜர் இணைகள் என்று வழங்குவது மரபு. இதே நாணயங்களுள் அமெரிக்க டாலர் இல்லாமல் அமையும் யூரோ/யென், யூரோ/பவுண்ட் போன்றவை கிராஸ் இணைகள். வளரும் நாடுகளின் நாணயங்கள் சேரும் இணைகள் எக்ஸாடிக் எனப்படும். இந்தப் பிரிவுகளின் பெயரைவிட அவற்றின் பின்னால் உள்ள காரணத்தை அறிவது முக்கியம். சர்வதேசத் தீர்வுகளுக்கான வங்கி 2022 ஏப்ரலில் எடுத்த கணக்கெடுப்பின்படி, அந்நியச் செலாவணிச் சந்தையின் அன்றாட வணிகம் ஏறத்தாழ 7.5 லட்சம் கோடி டாலர். அதில் 88 விழுக்காட்டு வணிகங்களில் ஒரு பக்கத்தில் அமெரிக்க டாலர் இருந்தது. வாங்குவோரும் விற்போரும் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்களோ அவ்வளவு மலிவாக வணிகம் நடக்கும். அந்த நெருக்கத்தையே லிக்விடிட்டி என்கிறார்கள். மேஜர் இணைகளில் அது மிகுதி, எக்ஸாடிக் இணைகளில் குறைவு. ஆகவே ஒரே ஒரு மேஜர் இணையோடு கற்றலைத் தொடங்குங்கள். நான் யூரோ/டாலரையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் அதில் கணக்குகள் நேரடியாக டாலரில் வந்துவிடும்.

இரண்டு விலைகள், ஒரு பிப்

திரையில் ஓர் இணைக்கு எப்போதும் இரண்டு விலைகள் தெரியும். 1.0848 / 1.0850 என்று இருந்தால், சிறிய எண் பிட், பெரிய எண் ஆஸ்க். நீங்கள் விற்றால் பிட் விலையும், வாங்கினால் ஆஸ்க் விலையும் கிடைக்கும். இரண்டில் எது உங்களுக்குப் பாதகமோ அதுவே உங்கள் விலை என்று நினைவில் வைத்துக்கொண்டால் தவறாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஸ்ப்ரெட். தனியாகக் கமிஷன் வாங்காத தரகு நிறுவனங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தங்கள் வருவாயை எடுக்கின்றன.

அந்த வேறுபாட்டை அளக்கும் அலகு பிப். பெரும்பாலான இணைகளில் அது நான்காவது தசம இடம், அதாவது 0.0001, யென் கோட் நாணயமாக இருக்கும் இணைகளில் அது இரண்டாவது தசம இடம், அதாவது 0.01. மேற்கண்ட விலையில் ஸ்ப்ரெட் 2 பிப். இன்று பல தளங்கள் 1.08485 என்று ஐந்தாவது இடத்தையும் காட்டுகின்றன. அந்தக் கடைசி எண் பிப்பில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிப்பெட் என்று பெயர். சில தளங்கள் பிப்பெட்டைத்தான் “பாயிண்ட்” என்று அழைக்கின்றன. நட்டத்தை நிறுத்தும் எல்லையை “ஸ்டாப் லாஸ் 250 பாயிண்ட்” என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் 25 பிப்பைக் குறிக்கிறாரா, 250 பிப்பைக் குறிக்கிறாரா என்று கேட்டுத் தெளிந்த பிறகே அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

பிப்புக்குத் தனியே பண மதிப்பு கிடையாது. எத்தனை அலகு நாணயம் வாங்குகிறோம் என்பது தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு வரும். அங்கேதான் லாட் வருகிறது. ஸ்டாண்டர்ட் லாட் என்பது அடிப்படை நாணயத்தில் 1,00,000 அலகுகள். மினி லாட் 10,000. மைக்ரோ லாட் 1,000. தளத்தில் இவை முறையே 1.00, 0.10, 0.01 என்று உள்ளிடப்படும். யூரோ/டாலரில் ஒரு மினி லாட் வாங்கினால், 10,000-ஐ 0.0001-ஆல் பெருக்க வேண்டும். ஒரு பிப்பின் மதிப்பு 1 டாலர். ஸ்டாண்டர்ட் லாட்டில் அது 10 டாலர், மைக்ரோ லாட்டில் 10 சென்ட். டாலர்/யென் 150.20 என்று இருக்கும்போது ஒரு மினி லாட் வாங்கினால் ஒரு பிப் 100 யென்; அதை 150.20-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67 சென்ட். இந்த இரண்டாவது கணக்கைத் தளமே செய்து தந்துவிடும் என்று விட்டுவிடாமல் கையால் ஒரு முறை செய்துபாருங்கள். கோட் நாணயம் என்ற சொல் ஏன் முக்கியம் என்பது அப்போது விளங்கும்.

லிவரேஜும் மார்ஜினும்

பணம் கரைவது பெரும்பாலும் இந்தப் பகுதியில் வரும் சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான். ஆகவே இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணக்கில் 1,000 டாலர் இருக்கிறது என்று கொள்வோம். 1.0850-இல் ஒரு மினி லாட் யூரோ வாங்குகிறீர்கள். வணிகத்தின் முழு மதிப்பு 10,850 டாலர். அவ்வளவு பணம் உங்களிடம் இல்லை. ஆனால் தரகு நிறுவனம் 30:1 லிவரேஜ் தந்தால், முழு மதிப்பில் முப்பதில் ஒரு பங்கை ஈடாக ஒதுக்கினால் போதும். 10,850-ஐ 30-ஆல் வகுத்தால் 361.67 டாலர். இதுதான் மார்ஜின். இது கட்டணம் அல்ல. வணிகம் திறந்திருக்கும் வரை உங்கள் பணத்திலேயே ஒரு பகுதி எடுத்து வைக்கப்படுகிறது, முடிந்ததும் விடுவிக்கப்படுகிறது.

இப்போது தளத்தின் அடியில் தெரியும் வரியைப் படிக்கலாம். பேலன்ஸ் 1,000 என்று இருக்கும். வணிகத்தை முடிக்கும் வரை அது மாறாது. ஈக்விட்டி 998 என்று இருக்கும், ஏனென்றால் 1.0850-இல் வாங்கியதை இந்த நொடியே விற்றால் 1.0848 தான் கிடைக்கும், அந்த 2 பிப் ஸ்ப்ரெட்டின் விலை 2 டாலர். ஈக்விட்டியிலிருந்து மார்ஜினைக் கழித்தால் ஃப்ரீ மார்ஜின், அதாவது 636.33 டாலர். ஈக்விட்டியை மார்ஜினால் வகுத்து நூறால் பெருக்கினால் மார்ஜின் லெவல், ஏறத்தாழ 276 விழுக்காடு. புதியவர்கள் பேலன்ஸையே பார்த்துக்கொண்டு, எதுவும் குறையவில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். பார்க்க வேண்டியவை ஈக்விட்டியும் மார்ஜின் லெவலும்தான்.

இதே 1,000 டாலரோடு மற்றொருவர் 200:1 லிவரேஜ் தரும் நிறுவனத்தில் ஒரு முழு ஸ்டாண்டர்ட் லாட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு மதிப்பு 1,08,500 டாலர், மார்ஜின் 542.50 டாலர். வாங்கிய நொடியிலேயே ஸ்ப்ரெட்டுக்கு 20 டாலர் போய்விடும்; ஈக்விட்டி 980, மார்ஜின் லெவல் 181 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பிட் விலை, வாங்கிய விலையைவிட ஏறத்தாழ 46 பிப் கீழே, 1.0804-க்கு வந்தால் ஈக்விட்டி மார்ஜினுக்குச் சமமாகி, மார்ஜின் லெவல் 100 விழுக்காட்டைத் தொடும். பல நிறுவனங்கள் இந்த அளவில் விடுக்கும் எச்சரிக்கைதான் மார்ஜின் கால். அதன் பிறகு புதிய வணிகம் தொடங்க முடியாது. விலை மேலும் இறங்கி 1.0777-ஐ நெருங்கும்போது மார்ஜின் லெவல் 50 விழுக்காடாகும். அந்த அளவை ஸ்டாப் அவுட்டாக வைத்திருக்கும் நிறுவனம் உங்களைக் கேட்காமலே வணிகத்தை முடித்துவிடும். 73 பிப் இறக்கத்தில் ஏறத்தாழ 730 டாலர் போய்விட்டது. யூரோ/டாலர் ஒரே நாளில் இந்த அளவுக்கு நகர்வது அரிதான நிகழ்ச்சியே அல்ல. மினி லாட் வாங்கியவருக்கு இதே இறக்கத்தில் 73 டாலர்தான் குறைந்திருக்கும். அவருடைய மார்ஜின் லெவல் இன்னும் 256 விழுக்காட்டில் நிற்கும்.

இரண்டு பேருக்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்கியது 30, 200 என்ற விகிதங்கள் என்று தோன்றலாம். உண்மையில் நட்டத்தைத் தீர்மானித்தது லாட் அளவு. மினி லாட் வாங்கியவர் 200:1 கணக்கில் இருந்திருந்தாலும் அவருக்கு 73 டாலரே குறைந்திருக்கும். உயர்ந்த விகிதம் பெரிய லாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவே. ஆகவே விளம்பரத்தில் சொல்லப்படும் லிவரேஜைவிட நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் லிவரேஜைக் கணக்கிடப் பழகுங்கள். வணிகத்தின் முழு மதிப்பைக் கணக்கிலுள்ள பணத்தால் வகுத்தால் அது கிடைக்கும். முதலாமவர் 10.85 மடங்கு பயன்படுத்தினார், இரண்டாமவர் 108.5 மடங்கு.

கட்டுப்பாட்டாளர்கள் இந்த விகிதத்துக்கு வரம்பு வைத்ததும் இதனால்தான். ஐரோப்பியப் பங்குப்பத்திர, சந்தைகள் ஆணையம் 2018-இல் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு யூரோ/டாலர் போன்ற மேஜர் இணைகளில் 30:1 என்ற உச்சவரம்பையும் 50 விழுக்காடு ஸ்டாப் அவுட்டையும் கட்டாயமாக்கியது. இவ்வாறு லிவரேஜோடு நடக்கும் விலை வேறுபாட்டு ஒப்பந்தங்களில் (சிஎஃப்டி) 74 முதல் 89 விழுக்காடு வரையிலான சில்லறைக் கணக்குகள் நட்டமடைவதாக அப்போது அது குறிப்பிட்டது. அமெரிக்காவில் மேஜர் இணைகளுக்கான வரம்பு 50:1, ஜப்பானில் 25:1. எந்தக் கட்டுப்பாட்டாளரின் கீழும் வராத நிறுவனங்கள் 500:1, 1000:1 என்று ஆசை காட்டுவதை அடிக்கடி காணலாம். உங்கள் நாட்டுச் சட்டம் எந்தெந்த இணைகளில், யார் வழியாக வணிகம் செய்ய அனுமதிக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டாளரின் தளத்திலேயே பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் உண்மைப் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆர்டர் வகைகள்

மார்க்கெட் ஆர்டர் என்றால் இப்போதுள்ள விலையில் உடனே வாங்கு அல்லது விற்றுவிடு என்பது. காத்திருக்கும் ஆர்டர்களில்தான் குழப்பம் மிகுதி. இப்போதைய விலையைவிடக் கீழே வாங்கக் காத்திருப்பது பை லிமிட், மேலே வாங்கக் காத்திருப்பது பை ஸ்டாப். இப்போதைய விலைக்கு மேலே விற்கக் காத்திருப்பது செல் லிமிட், கீழே விற்கக் காத்திருப்பது செல் ஸ்டாப். லிமிட் என்பது இன்னும் சாதகமான விலைக்காகக் காத்திருப்பது. ஸ்டாப் என்பது விலை ஒரு திசையில் போவது உறுதிப்பட்ட பிறகு, இன்னும் பாதகமான விலையானாலும் சேர்ந்துகொள்வது. நான்கையும் டெமோ கணக்கில் ஒரே நேரத்தில் போட்டு, வரைபடத்தில் எங்கெங்கே கோடு விழுகிறது என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் தெளிவு கிடைத்துவிடும்.

ஸ்டாப் லாஸ் என்பது நட்டத்தை ஓர் எல்லையில் நிறுத்த முன்கூட்டியே இடும் ஆர்டர். டேக் ப்ராஃபிட் என்பது லாபத்தை எடுத்துக்கொள்ள இடுவது. 1.0850-இல் வாங்கி, 1.0825-இல் ஸ்டாப் லாஸும் 1.0900-இல் டேக் ப்ராஃபிட்டும் வைத்தால், இழக்கத் துணிவது 25 பிப், எதிர்பார்ப்பது 50 பிப். ரிஸ்க் ரிவார்ட் விகிதம் 1:2. இந்த விகிதத்தில் மூன்றில் ஒரு வணிகம் வென்றால், செலவுகளைச் சேர்க்காமல் பார்க்கும்போது, கைமுதல் நிற்கும். லாட் அளவையும் இங்கிருந்தே பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 1,000 டாலரில் 1 விழுக்காட்டை, அதாவது 10 டாலரை மட்டுமே பணயம் வைப்பதென்று முடிவெடுத்தால், 10-ஐ 25 பிப்பால் வகுக்க ஒரு பிப்புக்கு 40 சென்ட் வருகிறது; அது 4 மைக்ரோ லாட், தளத்தில் 0.04. இந்தக் கணக்குக்குப் பொசிஷன் சைசிங் என்று பெயர். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கணக்கை மட்டும் மனத்தில் இருத்த முடியுமானால் இதையே இருத்துங்கள் என்பேன்.

ஷார்ட் போகிறவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பெரும்பாலான வரைபடங்கள் பிட் விலையை மட்டுமே வரைகின்றன. விற்ற வணிகத்தை முடிப்பது ஆஸ்க் விலையில் என்பதால், கோடு ஸ்டாப் லாஸைத் தொடாதது போல் தெரியும்போதே ஸ்டாப் லாஸ் இயங்கிவிடலாம். “தரகர் ஏமாற்றிவிட்டார்” என்று எழும் புகார்கள் சிலவற்றுக்கு இதுவே விளக்கம். தளத்தின் அமைப்பில் ஆஸ்க் கோட்டையும் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டாப் லாஸ் வைத்த விலையிலேயே வணிகம் முடியும் என்பதற்கும் உறுதி இல்லை. கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வேறுபாடு ஸ்லிப்பேஜ். வார இறுதிக்குப் பின் சந்தை வேறொரு விலையில் திறப்பது கேப். ஸ்லிப்பேஜ் எவ்வளவு கொடுமையாக இருக்கக்கூடும் என்பதற்கு 2015 ஜனவரி 15 சான்று. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை என்று 2011 செப்டம்பர் முதல் காத்துவந்த எல்லையை சுவிஸ் தேசிய வங்கி அன்று முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களுக்குள் யூரோ 1 பிராங்குக்கும் கீழே சரிந்தது. 1.20-ஐ ஒட்டி ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க எதிர்ப்பக்கம் யாருமே இல்லை. மிகவும் கீழேதான் வணிகங்கள் முடிந்தன. பலருடைய கணக்குகள் பூஜ்யத்துக்கும் கீழே போய்க் கடனாக மாறின. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்ற உறுதிமொழிக்கு நெகட்டிவ் பேலன்ஸ் புரொடெக்ஷன் என்று பெயர். உங்கள் தரகு நிறுவனம் அதைத் தருகிறதா என்று ஒப்பந்தத்தில் தேடிப்பாருங்கள்.

இரவைக் கடக்கும்போது

நியூயார்க் நேரம் மாலை 5 மணியோடு வணிக நாள் முடிகிறது. அதைத் தாண்டித் திறந்திருக்கும் வணிகத்துக்கு ஸ்வாப் அல்லது ரோல்ஓவர் என்ற தொகை வரவோ பற்றோ வைக்கப்படும். வாங்கிய நாணயத்தின் வட்டிக்கும் விற்ற நாணயத்தின் வட்டிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து இது பிறக்கிறது. நிறுவனம் தன் பங்கையும் சேர்த்துக்கொள்வதால் லாங், ஷார்ட் இரண்டு பக்கமுமே பற்றாக இருப்பதும் உண்டு. பெரும்பாலான இணைகளில் தீர்வு, அதாவது நாணயங்கள் கைமாறுவது, இரண்டு வணிக நாள் கழித்து நடப்பதால், புதன்கிழமை இரவில் வார இறுதிக்கும் சேர்த்து மூன்று நாள் தொகை பிடிக்கப்படுகிறது. வட்டி குறைந்த நாணயத்தை விற்று வட்டி மிகுந்த நாணயத்தை வைத்திருந்து இந்த வேறுபாட்டைச் சம்பாதிக்க முனைவது கேரி டிரேட். அதில் யென் நெடுங்காலம் விற்கப்படும் நாணயமாக இருந்துவந்திருக்கிறது.

செய்திகளில் வரும் சொற்களுக்கு இந்தக் கட்டத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வட்டியை உயர்த்தச் சாயும் மத்திய வங்கிப் பேச்சு ஹாக்கிஷ், குறைக்கச் சாய்வது டோவிஷ். பேசிஸ் பாயிண்ட் என்பது விழுக்காட்டில் நூறில் ஒரு பங்கு, எனவே 25 பேசிஸ் பாயிண்ட் என்றால் 0.25 விழுக்காடு. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கையான நான்-ஃபார்ம் பேரோல், வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வெளிவரும். அந்த நிமிடங்களில் ஸ்ப்ரெட் விரிவதையும் ஸ்லிப்பேஜ் நேர்வதையும் டெமோ கணக்கில் ஒரு முறை கண்ணாரக் காணுங்கள்.

கற்றதைச் சோதிக்க

ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வோர் இணைக்கும் ஒப்பந்த விவரப் பக்கம் ஒன்று இருக்கும். கான்ட்ராக்ட் அளவு (ஒரு லாட்டில் எத்தனை அலகு என்பது), மிகச் சிறிய விலை நகர்வு, லாங் ஸ்வாப், ஷார்ட் ஸ்வாப், மார்ஜின் விழுக்காடு, மூன்று நாள் ஸ்வாப் பிடிக்கும் கிழமை ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். மார்ஜின் கால், ஸ்டாப் அவுட் அளவுகள் கணக்கு வகையின் விவரத்தில் இருக்கும். இந்த எண்களை எடுத்து, நீங்கள் போட எண்ணும் ஒரு வணிகத்துக்கு ஆறு தொகைகளைத் தளத்தின் உதவியின்றி எழுதுங்கள்: ஒரு பிப்பின் மதிப்பு, திறந்த நொடியில் ஸ்ப்ரெட்டால் குறையும் பணம், ஒதுக்கப்படும் மார்ஜின், ஸ்டாப் லாஸ் இயங்கினால் வரும் நட்டம், ஓர் இரவுக்கான ஸ்வாப், ஸ்டாப் லாஸே இல்லாவிட்டால் எந்த விலையில் ஸ்டாப் அவுட் நிகழும் என்பது. பிறகு டெமோ கணக்கில் அதே வணிகத்தைத் திறந்து, திரையில் வரும் எண்களோடு ஒப்பிடுங்கள். ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டால், அந்தத் தொகைக்குரிய சொல்லுக்கே திரும்பிப் போய் அதன் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். யூரோ/டாலரில் ஆறும் பொருந்திய பின் டாலர்/யென்னிலும், அதன் பிறகு கணக்கின் நாணயம் இரண்டு பக்கமும் இல்லாத யூரோ/பவுண்ட் போன்ற ஒரு கிராஸ் இணையிலும் இதையே செய்யுங்கள். கடைசியாகச் சொன்னதில் பவுண்டில் வரும் லாப நட்டத்தை டாலருக்கு மாற்றும் படி ஒன்று கூடுதலாக வரும்.